இரண்டு அரைவாளிக் கடல்

என் மனைவி வீட்டில் மீனுக்கு இரண்டே இரண்டு இடங்கள்தான் உண்டு. ஒன்று கடல், மற்றது சட்டி. மூன்றாவதாக மீனை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, அதற்கு நாங்கள் சாப்பாடு போட்டு, அதன் சுகதுக்கமும் விசாரிக்கலாம் என்ற யோசனையை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான். என் மாமனார் இன்றுவரை அதை மன்னித்துவிட்டதாகச் சொன்னதில்லை.

மனைவி வீடு என்று சொன்னதை வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கிழக்குப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் பெட்டி கட்டுபவன் மாப்பிள்ளை. நானும் அப்படித்தான் கிளிவெட்டியிலிருந்து ஒரு சூட்கேசையும் ஒரு விஞ்ஞானப் பட்டத்தையும் தூக்கிக்கொண்டு, திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து ஒழுங்கை ஒன்றின் கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டின் உறுதிப்பத்திரம் மனைவியின் பெயரில் இருந்தது. அதிகாரம் மாமாவிடம் இருந்தது. எனக்கென்று ஒரு தலையணை இருந்தது.

மாமா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். மாமி நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டா. சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அவவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதற்கு நான் என் மனதில் ஒரு காரணம் வைத்திருக்கிறேன், வெளியே சொல்வதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மாமாவுக்கு இருதய ஒப்பரேஷன் நடந்தது. டொக்டர் மூன்று விஷயங்களைச் சொல்லி அனுப்பினார். கடலுக்குப் போகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது. முதல் இரண்டையும் மகள் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். மூன்றாவதைக் கெடுப்பதற்கு நான் இருந்தேன்.

வள்ளத்தை விற்றார்கள். மாமா சாய்மனைக் கதிரைக்கு வந்தார். ஆனால் ஒரு சொல்லை மட்டும் அவர் வாயில் யாராலும் வரவழைக்க முடியவில்லை. "ஏலாது" என்பதுதான் அந்தச் சொல். நெஞ்சு வலித்த அன்றைக்குக்கூட அம்புலன்சுக்குத் தானே நடந்து போய் ஏறியவர் அவர். தேங்காய் நிறைந்த பையை அவர் கையிலிருந்து மகள் பறித்தால், "எனக்கு விருப்பமில்லை, நீயே தூக்கு" என்பார். விருப்பம் இருக்கலாம், இல்லாமல் போகலாம். ஏலாமை என்று ஒன்று அவருடைய அகராதியில் கிடையாது.

இன்னொரு விசேஷம், அவர் என்னோடு நேரடியாகக் கதைப்பதில்லை. சண்டை என்று இல்லை, அது அவருடைய பழக்கம். பள்ளிக்கூட ஆசிரியனான நான் முன்னால் நிற்கும்போதே மகளிடம் கேட்பார், "மாஸ்டர் சாப்பிட்டாரோ?" மகள் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வார், "இந்த வீட்டில லைற்றை நூர்க்க ஆக்களில்லை." ஐந்து வருடமாக நான் அந்த வீட்டில் படர்க்கையாகவே வாழ்ந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் எங்கள் பள்ளிக்கூடத்து நாட்காட்டியை மாட்டுவதற்கு முன்அறைச் சுவரில் ஒரு ஆணி அடித்தேன். பின்னேரம் வந்து பார்த்தால் நாட்காட்டி மேசையில் கிடந்தது. ஆணி அதன் மேல் இருந்தது. ஓட்டையைச் சீமெந்து வைத்து அழகாக அடைத்திருந்தார். "சுவருக்குள்ள உப்புக் காத்துப் போயிடும்" என்று மகளிடம் விளக்கம். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. அந்தக் கிழமையே உவர்மலையில் வாடகைக்கு இரண்டு அறையோடு ஒரு அனெக்ஸ் பார்த்துவிட்டு வந்து மனைவியிடம் சொன்னேன், தனியப் போவோம் என்று.

மனைவி கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்பவள். எதையும் உடனே மறுக்கமாட்டாள், தவணை போடுவாள்.

"அப்பாவை இந்த நிலையில தனிய விட்டுட்டு எப்பிடி வாறது?" என்றாள். பிறகு, "தை பிறக்கும் வரைக்கும் பாப்பம். அதுக்குப் பிறகும் உங்களுக்கு இருக்க ஏலாதெண்டா நான் உங்களோட வாறன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். வருவாள். வந்தபின் ஒவ்வொரு நாளும் அப்பா சாப்பிட்டாரோ, குளிசை போட்டாரோ என்று உவர்மலையில் இருந்துகொண்டு பாதி உயிரோடு இருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அனெக்ஸ்காரரும் தை வரை பொறுப்பதாகச் சொன்னார்.

அன்றைக்கு அவள் இன்னொன்றும் சொன்னாள். "இந்த வீட்டில உங்களுக்கெண்டு ஒண்டும் இல்லையெண்டுதானே மனவருத்தம். முன்அறையில அந்த மூலையைத் தாறன். என்ன வேணுமெண்டாலும் வையுங்கோ. அப்பா தொடமாட்டார்."

நான் மீன்தொட்டி வைத்தேன். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம். வயல்காட்டுப் பிள்ளைக்குக் குளம் தவிர வேறு என்ன தோன்றும்? மாமாவின் சாய்மனைக் கதிரை நேராக அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது தற்செயல் என்று அப்போது சொன்னேன். தற்செயல் இல்லை.

கிண்ணியாவில் பாலம் தாண்டியதும் ஒரு வளர்ப்பு மீன் கடை இருக்கிறது. கடைக்காரர் என்னைவிட இளையவர், ஆனாலும் அந்த ஊர் வழக்கப்படி அவரை நானா, அதாவது அண்ணன், என்றேன். நான் நேராகப் போய், அந்த நீலமும் சிவப்புமாக மின்னுகிற சின்ன நியோன் மீன் பத்து, அந்த நீண்ட செட்டை வைத்த ஏஞ்சல் ஒன்று என்று கை காட்டினேன். அவர் வலையை எடுக்கவே இல்லை. கலியாணத் தரகர் போலக் கேள்விகளைத் தொடங்கினார்.

"தொட்டி எவ்வளவு நீளம் சேர்? தண்ணி ஊத்தி எத்தினை நாள்? வீட்டுல கிணறா, பைப்பா? கிணறெண்டா, உப்பா நல்ல தண்ணியா?"

தொட்டி இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார்.

"அப்ப மீனுக்கு வராதீங்க சேர். போய்த் தண்ணிய ஊத்தி, பில்டரைப் போட்டு, மூணு கிழமை சும்மா விடுங்க. புதுத் தண்ணியில மீனை விட்டா ஒரு கிழமையில எல்லாம் மௌத்து. தண்ணி பழகணும்."

பிறகு பொருத்தம் பார்த்தார். துறைமுகப் பக்கத்துக் கிணறு என்றால் கொஞ்சம் உவர்ப்பாகத்தான் இருக்கும், அதற்கு மொலியும் கப்பியும் பொருத்தம், நியோன் மென்மையான தண்ணீர் மீன், கூட்டமாக இருந்தால்தான் அதற்குத் தைரியம், ஏஞ்சல் இப்போது சின்னதாக இருந்தாலும் வளர்ந்தால் நியோனை நூடில்ஸ் மாதிரி உறிஞ்சிவிடும், டைகர் பார்ப் பக்கமே போகவேண்டாம், அது மற்றதுகளின் செட்டையைக் கடித்து விளையாடும். இத்தனையையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். என் கலியாணத்துக்கும் பத்துப் பொருத்தம் பார்த்து ஒன்பது சரி என்று சொன்னவர்கள்தான். எனக்கும் மாமாவுக்கும் சாதகம் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று கிழமை தண்ணீர் மட்டும் நிறைந்த ஒரு தொட்டியை முன்அறையில் வைத்துக்கொண்டிருப்பது என்ன அவமானம் என்பதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். பில்டர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மண் இருந்தது, இரண்டு பாசிச் செடி இருந்தது, மீன் இல்லை. மாமாவைச் சுகம் விசாரிக்க வருகிற பழைய கடல் சிநேகிதர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

"என்ன மீன் நிக்குது உதுக்குள்ள?"

"ஒண்டும் இல்லை" என்றார் மாமா. "எங்கட வீட்டில தண்ணி வளக்கிறம். மாஸ்டர் படிச்சவர். படிச்ச ஆக்கள் முதல் தண்ணியைத்தான் வளப்பினமாம்."

அவர்கள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் ஆடியது. நான் குசினிக்குள் நின்று பல்லைக் கடித்தேன். நைதரசன் வட்டம் என்று ஒன்பதாம் வகுப்புக்கு நான் கற்பிக்கும் பாடம் அந்தத் தொட்டிக்குள் நடந்துகொண்டிருந்தது. அதை நாற்பது வருடம் கடலில் கிடந்தவர்களுக்கு விளக்குகிற துணிவு எனக்கு வரவில்லை.

மூன்று கிழமை கழிந்ததும் போய், நானா சொன்னதில் பாதியைக் கேட்டு, பாதியைக் கேட்காமல் மீன் வாங்கினேன். படித்தவனுக்கே உரிய குணம். அவர் சொன்னதற்காகக் கறுப்பு மொலி நான்கு. என் ஆசைக்காக நியோன் பத்து, ஏஞ்சல் ஒன்று. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று பைப் தண்ணீரை வாளியில் ஒருநாள் வைத்து ஆறவிட்டு ஊற்றினேன். ஏஞ்சல் வளர்ந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. நானா ஏஞ்சலைப் பைக்குள் விடும்போது ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதம் பிடித்தால் தரகரும் வாயை மூடிக்கொள்வார்.

மாமா தன் கதிரையில் இருந்தபடியே தொட்டியைப் பார்த்தார். வண்ணத்தையோ செட்டையையோ அவர் பார்க்கவில்லை. நேராக ஏஞ்சலின் வாயைப் பார்த்தார்.

"வாயைப் பார்" என்றார் மகளிடம். "அந்தச் சின்னனுகள் உந்த வாய்க்குள்ள அடங்கும். வாய்க்குள்ள அடங்கினா அது சாப்பாடுதான். கடலெண்டாலும் சரி, கண்ணாடியெண்டாலும் சரி."

"அதெல்லாம் கடல் மீனுக்கு" என்றேன் நானும் மனைவியிடமே.

ஒரு மாதத்தில் நியோன் பத்து எட்டானது. செத்துக் கிடந்த உடல் எதுவும் இல்லை. ஏஞ்சலின் வயிறு மட்டும் நல்ல உருண்டையாக இருந்தது. மாமா, காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போது தொட்டியைப் பார்த்து விரலை விட்டு எண்ணுவார், அவ்வளவுதான். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." எட்டு வந்ததும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். வாயால் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. அடுத்த சனிக்கிழமை ஏஞ்சலைப் பையில் போட்டுக்கொண்டு கிண்ணியாவுக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். நானா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

அதன்பிறகு தொட்டிக்குள் அமைதி வந்தது. எட்டு நியோனும் ஒன்றாகத் திரிந்தன. மொலிகள் கண்ணாடியில் படிந்த பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தன. சனிக்கிழமை தோறும் நான் இரண்டு வாளி பழைய தண்ணீரை எடுத்துவிட்டு இரண்டு வாளி புதுத் தண்ணீர் ஊற்றுவேன். மாமா இருந்த இடத்தில் இருந்தே சுவரிடம் குறை சொல்வார். "இப்பிடி டமாரெண்டு ஊத்தினா மீனுக்கு நெஞ்சு நிண்டுபோகும்." "மேலால ஊத்தப்படாது, கரையால விடவேணும்." அவர் சொன்னது சரிதான். அதற்காக உடனே கரையால் ஊற்றிவிடுவேனா? அடுத்த கிழமைதான் அப்படி ஊற்றினேன்.

நான் இல்லாத நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. ஒருநாள் மனைவிதான் சொன்னாள், "அப்பா இப்ப வானொலிச் செய்தி கேக்கிறதில்லை. மீனைப் பாத்துக்கொண்டிருக்கிறார்." எனக்கு மகிழ்ச்சி வரவேண்டிய இடம் அது. வரவில்லை. எனக்கென்று தந்த ஒரே மூலையையும் அவர் பார்வையாலேயே பிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

கார்த்திகை மழை நாட்களில் தண்ணீர் குளிர்ந்து, நியோன் இரண்டின் உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்தது. உப்புத் தூள் தூவியது போல இருக்கும். தொற்று நோய், எல்லாவற்றுக்கும் பரவும். சனிக்கிழமை மருந்து வாங்கலாம் என்று நான் வேலைக்குப் போய்விட்டேன். அது வியாழக்கிழமை.

பின்னேரம் வந்து கதவைத் திறந்தால் முன்அறைத் தரை ஈரமாக இருந்தது. தொட்டியின் மேல்மட்டத்தில் எட்டு நியோனும் வெளுத்துப் போய் மிதந்தன. பக்கத்தில் ஒரு வாளி. மாமா கதிரையில் இருந்தார். கட்டியிருந்த சாரத்தின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது.

நான் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

"என்ன மாமா ஊத்தினீங்கள்?" என்று நேராகவே கேட்டேன். ஐந்து வருடத்தில் நானும் அவரை நோக்கி அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை.

அவர் சுவரைப் பார்த்தார். "மேலில புண் வந்தா நாங்கள் கடல் தண்ணியிலதான் கழுவுறது. நாற்பது வருசமா எனக்கு ஒரு புண் பழுத்ததில்லை. மீனுக்குக் கடல் தண்ணி கூடாதெண்டு எந்தப் புத்தகத்தில கிடக்கு?"

நடந்தது இதுதான். காலை முழுதும் அந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மத்தியானம் பொறுக்கமுடியாமல் வாளியை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முடிவில் இருக்கும் கரைக்குப் போய், கடல் தண்ணீர் அள்ளி வந்து ஊற்றியிருக்கிறார். உலகத்தில் எவனாவது ஆற்று மீனுக்குக் கடல் ஊற்றுவானா? எங்கள் ஒழுங்கையில் ஊற்றுவான். அங்கே ஒருவருக்கும் அது பிழையாகவே தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் கேற்றைத் திறந்துவிட்டு உதவியும் செய்தாராம்.

நான் கத்தினேன். ஆணியைச் சொன்னேன், லைற்றைச் சொன்னேன், தண்ணி வளர்ப்பதைச் சொன்னேன், ஐந்து வருடத்தில் சொல்லாத அத்தனையையும் சொன்னேன். அதற்குள் மனைவி வேலையால் வந்து வாசலில் நின்றாள். அவள் மீனைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்தாள், அப்பாவின் சாரத்தைப் பார்த்தாள்.

"எத்தினை வாளி தூக்கினீங்கள் அப்பா?"

"அரை வாளிதான்."

"எத்தினை தரம்?"

மாமா சாரத்தின் நனைந்த கரையைப் பிழிந்தார். "ரெண்டு" என்றார்.

அவள் வாசலிலேயே குந்திக்கொண்டு அழத் தொடங்கினாள். எனக்கு அப்போதுகூட என் எட்டு மீன்தான் பெரிதாக இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்த வேகத்திலேயே முற்றத்துக்குப் போய் அனெக்ஸ்காரருக்குப் போன் எடுத்து, தை வரைக்கும் வேண்டாம், வருகிற மாதம் முதலாம் தேதியே வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். என் குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

உள்ளே வந்து மனைவியிடமும் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வாறன்" என்றாள். "ஆனா அப்பாட்ட நான் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ. என்னைச் சொல்லச் சொல்லி நடுவில விடவேண்டாம். இந்த வீட்டில நான் அஞ்சு வருசமா ரெண்டு பேருக்கும் போன் மாதிரி."

வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. சனிக்கிழமை காலை சொல்லலாம் என்று எழும்பி, சொல்லாமல் கிண்ணியாவுக்குப் போனேன். தொட்டியில் மிச்சமிருந்த நான்கு மொலிகளையும் நானாவிடமே கொடுத்துவிடலாமா என்று கேட்பதுதான் நோக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் கிண்ணியாப் பாலம் நல்ல நீளமானது.

நானா கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"மொலி எப்பிடி சேர்?"

"நல்லா நிக்குது. முந்தியவிடத் துள்ளிக்கொண்டு திரியுது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்."

"அது உப்புத் தண்ணியிலயும் நிக்கிற மீன். அதுக்கு ஒண்டும் நடக்காது." அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்கட மாமனார் செஞ்சது முழுப் பிழையில்ல சேர். வெள்ளைப் புள்ளிக்கு நாங்களும் உப்புத்தான் போடுற. வாளிக்கு ஒரு கரண்டி, அதுவும் மெல்ல மெல்ல. மருந்து சரி, அளவுதான் பிழை."

விஞ்ஞான ஆசிரியன் ஒருவன் ஒரு மீன்கடையில் நின்று வாங்கிய அடி அது. எங்கள் வீட்டுக் குசினியில் உப்புப் போத்தல் இருந்தது. வியாழக்கிழமை காலையில் நான் அதில் ஒரு கரண்டியைக் கலக்கியிருந்தால் மாமா வாளி தூக்கியிருக்கமாட்டார். நான் சனிக்கிழமைக்கு ஒத்திவைத்தேன். அவர் ஒத்திவைக்கவில்லை.

"இனி என்ன மீன் விடலாம்?" என்று கேட்டேன். வீடு மாறப்போகிறவன் கேட்கவேண்டிய கேள்வி இல்லைத்தான். வாய் கேட்டுவிட்டது.

"செத்தத வச்சு யோசிக்காதீங்க. சாகாதத வச்சு யோசிங்க. மொலி நாலு நிக்குது. அதுக்குப் பொருந்துறது கப்பி. உங்கட கிணத்துத் தண்ணி ரெண்டுக்கும் சரிவரும். பைப் தண்ணிக்கு அலையாதீங்க." அவர் கப்பி ஆறைப் பையில் விட்டு, ஒக்சிசன் அடித்து, றப்பர் வளையம் போட்டு என் கையில் தந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிளில் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வரும் வழியெல்லாம் மாமாவிடம் சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்களையும் சொல்லிப் பார்த்தேன். ஒன்று, உங்கள் மருந்து சரி. மற்றது, நாங்கள் போகிறோம். எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. எப்படிச் சொன்னாலும் பின்னால் வருவது முன்னால் வந்ததைத் தின்றுவிடும்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். மாமா பின்வளவில் கிணற்றுக் கட்டில் இருந்தார். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். அன்று சனிக்கிழமை, தண்ணீர் மாற்றுகிற நாள். நான் மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை. வாளி கட்டின் மேல் இருந்தது, அவர் கை அதன் பிடியில் இருந்தது. இழுத்து நிறைத்திருக்கிறார், அதற்கு மேல் அசையவில்லை. முகம் வேர்த்திருந்தது. என்னைக் கண்டதும் கையை எடுக்கப் பார்த்தார், பிறகு எடுக்கவில்லை.

சுற்றிலும் பார்த்தார். சொல்லி அனுப்ப மகள் இல்லை. கிணற்றடியில் சுவரும் இல்லை.

"தம்பி" என்றார். "எனக்கு உதைத் தூக்க ஏலாது."

ஒரு மனிதன் நாற்பது வருடம் கடலிடமும், இரண்டு வருடம் டொக்டரிடமும் சொல்ல மறுத்த சொல்லை, நான்கு கறுப்பு மொலிக்காக என்னிடம் சொல்லிவிட்டுக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வியாழக்கிழமை அவரிடம் கத்தியதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

நான் மீன் பையைக் கழற்றிக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தேன்.

"மருந்து சரியாம் மாமா" என்றேன். "கிண்ணியா நானா சொன்னவர். வெள்ளைப் புள்ளிக்கு உப்புத்தானாம். அளவுதான் கூடிப்போச்சாம்."

அவர் ஒருதரம் தலையாட்டினார். பெரிய வெற்றி கிடைத்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை. பையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஆறு கப்பிகளின் வாயையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வாய் சின்னன்" என்றார். "பாதகமில்லை. விடலாம்."

பிறகு பையை இறக்காமலே, மீனிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"உவர்மலையில கிணறு நல்ல தண்ணியாம். இந்த மொலியளுக்கு அது ஒத்துவருமோ?"

வியாழக்கிழமை முற்றத்தில் நான் போனில் போட்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு நாளும் அதை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். போகாதே என்று சொல்ல அவருக்கு வராது. மீனைப் பற்றிக் கேட்க மட்டும் வந்தது.

"ஒத்துவராது மாமா" என்றேன். "மொலிக்குக் கொஞ்சம் உவர்த் தண்ணி வேணும். இந்தக் கிணறுதான் சரி. அங்க கொண்டுபோக ஏலாது."

அது பச்சைப் பொய். ஒரு கரண்டி உப்புப் போட்டால் உவர்மலைக் கிணற்றிலும் மொலி நன்றாக இருக்கும். அளவு அறிந்த விஞ்ஞான ஆசிரியன் நான். கடல் தண்ணீரில் புண் கழுவி வளர்ந்த அவருக்கும் அது தெரியாமல் இருக்க வழியில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன், இரண்டு பேரும் அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டோம்.

நான் வாளியைத் தூக்கப் போனேன். அவர் பிடியின் மற்றப் பாதியை விடவில்லை. பாரம் முழுவதையும் என் பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்கும். குசினி வாசற்படியில் கொஞ்சம் தண்ணீர் தளும்பியது.

"சிந்தாமல் வாங்கோ தம்பி" என்றார் மாமா. "ஊத்தேக்க கரையால விடவேணும்."